ஒற்றைப் பல்லுக்கு மட்டும் விஷம்

அத்தியாயம் 6

கேட்டைப் பூட்டும் சத்தம் கேட்டு லாசர் திரும்பினான். பூட்டு தேங்காய் அளவு இருந்தது. பூட்டியவர் சாவிக்கொத்தை வேட்டி மடியில் செருகி, அது அங்கேதான் இருக்கிறதா என்று ஒரு தட்டும் தட்டிக்கொண்டார். லாசரின் ஸ்கூட்டர் சாவியும் அதே கொத்தில் சேர்ந்துவிட்டிருந்தது.

“மேடம், வரவேற்பு பலமா இருக்கு. வழியனுப்பத்தான் ஆள் இல்லை போல.”

மேடம் என்பது கமலவேணி. சேலத்தில் சைக்கிள் கடை மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவள். உதவியாளன் லாசரின் பேச்சுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் துப்பறிய நேரம் இருக்காது என்பதை அவள் முதல் மாதமே துப்பறிந்துவிட்டாள். கைப்பையிலிருந்து வறுகடலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, பூட்டியவரைப் பார்த்தாள்.

சென்னியப்பன். எருமப்பட்டிக்காரர். தோட்டம், துரவு, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரி எல்லாம் உண்டு. அந்த வட்டாரத்தில் அது பலருக்கும் உண்டு. ஆனால் அந்த வலது கன்னம் அவருக்கு மட்டும்தான். உள்ளே ஒரு கொய்யாக்காயைக் குடிவைத்தது போல வீங்கியிருந்தது.

“என்ற வாய்க்கு வெஷம் வெக்கிறது ஆருன்னு சொல்லிப்போட்டுத்தான் நீங்க போவோணும், அம்மணி” என்றார், பல்லைக் கடித்தபடியே. உதடு மட்டும்தான் அசைந்தது.

“கண்டுபிடிக்க முடியலைன்னா?” என்றான் லாசர்.

“ராத்திரிக்குக் களி இருக்குது.”

ஹாலில் டெலிபோன் இருந்தது. டயலில் ஒரு குட்டிப் பூட்டு. மதில்மேல் கண்ணாடிச் சில்லு பதித்திருந்தது. மதிலுக்கு இந்தப் பக்கம் ஒரு நாய், லாசரின் பேண்டை விலை விசாரிப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தது.

வழக்கு இதுதான். போன தை மாதம் சென்னியப்பன் மெட்ராஸுக்குப் போய், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஒரு டாக்டரிடம், விழுந்த கடைவாய்ப் பல்லுக்குப் பதிலாக எலும்பிலேயே ஒரு ஸ்குரூவை முடுக்கி அதன்மேல் பல் வைத்துக்கொண்டு வந்தார். “பாறையில போர் போட்டு, கேசிங் பைப் எறக்கி, மேல மோட்டார மாட்டுனாப்பல” என்று ஊருக்கு விளக்கினார். மேல்மண் சரியாமல் இருக்க ஆழ்துளையின் வாயில் இறக்கும் இரும்புக் குழாய்தான் கேசிங் பைப். வாயைத் திறந்து காட்டியபடியே விளக்கினார். பஸ்ஸில் காட்டினார், கல்யாணப் பந்தியில் காட்டினார், ஓர் இழவு வீட்டில் செத்தவருக்கு மட்டும் காட்டவில்லை.

இப்போது அந்தப் பல்லைச் சுற்றி ஈறு அழுகிக்கொண்டிருந்தது. தலையணையில் ரத்தம். வாயில் சீழ் நாற்றம். நாக்கால் தொட்டால் பல் ஆடியது. காலையில் சேலத்தில் பல் டாக்டர் தோமினிக் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். ஸ்குரூவைச் சுற்றி இருக்க வேண்டிய எலும்பு இல்லை. கிண்ணம் போலக் குழிந்திருந்தது.

“முதல்ல ஈறு கெடும், அப்புறம் எலும்பு கரையும். ஏதோ ஒண்ணு அங்கே உக்காந்துக்கிட்டு வேலை பண்ணுது. ஈறைத் திறந்து பார்த்தாத்தான் தெரியும்” என்றார். ஆனால் சென்னியப்பன் வாயைத் திறக்கவில்லை. எக்ஸ்ரேயைக்கூடக் கன்னத்துக்கு வெளியே இருந்துதான் எடுக்க முடிந்திருந்தது. விஷம் வைத்த ஆள் சிக்கட்டும், அப்புறம் வாயைப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

வீட்டில் விஷம் வைக்கக்கூடியவர் என்று அவருடைய விதவை அக்கா பொன்னாத்தாள் கைகாட்டியது மருமகளை. இன்னாசிமேரி, சேலத்துப் பெண், நர்ஸ் படித்தவள். அவளை மகனுக்குக் கட்டிவைத்தவரே சென்னியப்பன்தான். ஊரறிந்த பகுத்தறிவுக்காரர். ஐயரும் வேண்டாம், பாதிரியாரும் வேண்டாம் என்று மேடை போட்டு மாலை எடுத்துக்கொடுத்தார். அதனால் இரண்டு பக்கத்து உறவும் ஒற்றுமையாகக் கோபித்துக்கொண்டது. மகன் கந்தப்பன் இப்போது ரிக்கோடு மத்தியப் பிரதேசத்தில் எங்கேயோ பாறையைக் குடைந்துகொண்டிருந்தான்.

பொழுது சாயப் பங்காளிகள் கூடுகிறார்கள். குற்றவாளி வேறு யாரும் இல்லையென்றால் இன்னாசிமேரி இன்றோடு அவளுடைய அப்பா வீட்டுக்கு அனுப்பப்படுவாள். அதற்குப் பிறகு விஷம் வைத்தவள் என்ற பேர் அவள் போகிற இடமெல்லாம் கூடவே போகும். நர்ஸுக்கு அந்தப் பேரோடு எந்த ஆஸ்பத்திரியில் வேலை கிடைக்கும்?

*

சமையல்கட்டில் பொன்னாத்தாள் ஒரு டம்ளரைக் கமலவேணியின் முன்னால் டொக்கென்று வைத்தாள்.

“இதானுங்க. தெனமும் காலையிலயும் பொழுதோடயும் குடுக்குறா. வாய் கொப்புளிக்கோணுமாமா. கொப்புளிச்சா ரத்தம் வருது. இதுக்கு மேல என்ன கண்டுபுடிக்கிறீங்க?”

“உப்புத் தண்ணிங்க” என்றாள் இன்னாசிமேரி. சுவரோரம் நின்றிருந்தாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். “வெதுவெதுன்னு. வேற ஒண்ணுமே இல்லை.”

கமலவேணி டம்ளரை முகர்ந்து பார்த்தாள். “லாசர், கொப்பளி.”

“மேடம், எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலை.”

“ஆகாமப் போனா யாருக்கும் நஷ்டம் இல்லை. கொப்பளி.”

லாசர் ஏசுவே என்று ஒரு மடக்கு வாங்கிக் கொப்பளித்துத் துப்பினான். எல்லோரும் அவனையே பார்த்தார்கள். அவன் சாகவில்லை. பொன்னாத்தாளுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்.

“தண்ணியில இல்லாட்டி களியில கெடக்கும்! இதையும் பாருங்க, இவ பொட்டியில இருந்துச்சு.” முந்தானையிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்து வீசினாள். வெள்ளை நூல், மெழுகு தடவியது. “செய்வினைக்குத்தான?”

“அது ரத்தம் வர ஆரம்பிச்சப்பவே டாக்டர் தோமினிக் குடுத்ததுங்க. பல்லிடுக்குல விட்டு எடுத்து சுத்தம் பண்றதுக்கு. மாமா ஒரு நாளும் பண்ணலை. அதான் எடுத்து வெச்சேன்.”

கமலவேணி நூல்கண்டைத் திருப்பிப் பார்த்தாள். பிரிக்கவே இல்லை. நுனியில் ஒட்டிய காகிதம் அப்படியே இருந்தது.

“பொன்னாத்தாம்மா, உங்க தம்பிக்கு வேற எந்தப் பல்லாவது ஆடுதா? நாக்கு வெந்திருக்கா? வயிறு?”

“வயிறு கல்லாட்டம் இருக்குது. மத்த பல்லுல கரும்பு கடிப்பான்.”

“களியில விஷம் போட்டா அது வாய் பூரா சுத்தும். அத்தனை பல்லையும் விட்டுட்டு, ஒரே ஒரு பல்லோட விலாசத்தை விசாரிச்சுக்கிட்டுப் போய் அங்கே மட்டும் உக்காருமா?”

பொன்னாத்தாள் யோசித்தாள். “இங்கிலீசு வெஷமா இருக்கும்” என்றாள்.

“மேடம், இதுக்கு மேல வாதாட முடியாது” என்று லாசர் முணுமுணுத்தான்.

பொன்னாத்தாள் அடுப்பைப் பார்க்கத் திரும்பியதும் இன்னாசிமேரி கமலவேணியிடம் தணிந்த குரலில் சொன்னாள். “அக்கா, நானே போயிடலாம்னு பார்த்தேன். போனா, பயந்து ஓடிட்டாள்னு சொல்லுவாங்க. இருந்தா, இன்னும் விஷம் வைக்கிறாள்னு சொல்றாங்க. உக்காரவும் முடியலை, எந்திரிக்கவும் முடியலை. அவரு வர்ற வரைக்குமாச்சும்...”

“உன் மாமா கடைசியா எப்போ உனக்குப் பல்லைக் காட்டினார்?”

இன்னாசிமேரி நிமிர்ந்தாள். இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை என்பது முகத்தில் தெரிந்தது. “முன்னெல்லாம் தினம் காட்டுவாருங்க. ஈறு லேசா ரத்தம் விட ஆரம்பிச்சப்பகூட நான்தான் டார்ச் அடிச்சுப் பார்த்தேன். ஆடி மாசத்துலேருந்து காட்டறதில்லை. கேட்டா, ‘போ சாமி, அப்பறம் பாக்கலாம்’னு வாயை மூடிக்கிறாரு.”

“ஊருக்கெல்லாம் காட்டின வாய்” என்றாள் கமலவேணி, கடலையை மென்றபடி. “டாக்டருக்கு முன்னால மட்டும் மூடிக்குது. லாசர், ஆடியில என்ன நடந்துச்சுன்னு கேக்கணும்.”

“யார்கிட்ட? நாய்கிட்டயா? அதுதான் என்னை விடாம பின்னாலயே வருது.”

*

பின்கட்டில் ஒரு பழைய ரிக் லாரி பழுதாகி நின்றது. அதற்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கால்களைக் கூப்பிட்டதும் மீதி ஆள் வெளியே வந்தார். சின்னான். ரிக்கில் வெகுகாலமாக வேலை பார்க்கிறவர். கையில் கிரீஸ்.

“ஆடியிலங்களா? ஆடியில பவித்திரத்துப் பக்கம் ஒரு போர் போட்டமுங்க. மேல்மண்ணு பூராப் பொதபொதன்னு கெடக்குது. கேசிங் பைப்ப எறக்குனா, கெழவன் பல்லாட்ட ஆடுது. மொதலாளி வேற பக்கத்துல நிக்கிறாரு, கன்னத்துல கைய வெச்சுக்கிட்டு. அப்பத்தான் அவருக்கு ஈறு வலி ஆரம்பிச்சுதுங்க.”

“என்ன பண்ணினீங்க?”

சின்னான் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். “அவருக்குத் தெரியாம சூடத்தக் காட்டி, பைப்புக்கு மஞ்சக் கயிறு ஒண்ணு கட்டுனோமுங்க. எல்லா ரிக்குலயும் கட்டறதுதான். கட்டுனதும் பைப்பு கம்முனு நின்னு போச்சு.”

“கயிறு கட்டினதும் நின்னுடுச்சா?” என்றான் லாசர்.

“ஆமாங்க, தம்பி. சுத்தியும் ஜல்லியக் கொட்டிக் கடப்பாறையில இடிக்கவும் செஞ்சோம். அது கெடக்குதுங்க.”

“முதலாளி பார்த்தாரா?”

“சூடம் அணையறக்குள்ள வந்துட்டாருங்களே. கொஞ்ச நேரம் அந்தப் பைப்பையே பாத்துக்கிட்டு நின்னாரு. அப்பறம் எப்பவும் போலத்தான். ‘ஏன்டா, இரும்புக்கு என்னடா தாலி’ன்னு கேட்டுப் பிச்சுப் போட்டாரு.”

“எங்கே போட்டார்?”

சின்னான் கிரீஸ் துடைப்பதை நிறுத்தினார். கேள்வி அவருக்குள் போய்ச் சேரக் கொஞ்சம் நேரமானது. “அதானுங்க... எப்பவும் காலடியில போட்டு மிதிப்பாரு. அன்னைக்குக் கீழ போடலீங்க. சட்டைப் பையில வெச்சுக்கிட்டாரு.”

கமலவேணி கைப்பையை மூடினாள். கடலை தீர்ந்துவிட்டது, அல்லது வழக்கு.

வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டது. கேட்டைத் திறந்து பங்காளிகளை உள்ளே விட்டுவிட்டு மறுபடியும் பூட்டினார் சென்னியப்பன்.

“இப்ப நம்மகூட அடைபட்டவங்க ஜாஸ்தியாயிட்டாங்க மேடம். தனிமை போச்சு” என்றான் லாசர்.

*

சென்னியப்பன் உள் அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தோளில் கறுப்புத் துண்டு.

“விஷம் வெச்சவர் பேரு தெரிஞ்சு போச்சுங்க” என்றாள் கமலவேணி.

“ஆருங்க அம்மணி?”

“வாயைத் தொறங்க, காட்டறேன்.”

அவர் அவளைப் பார்த்தார். லாசரைப் பார்த்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். கேட்டுக்கு ஒரு பூட்டு, போனுக்கு ஒரு பூட்டு, கதவுக்கு ஒரு தாழ்ப்பாள். இந்த ஆள் சிறைச்சாலைக்கு ஜெயிலராகப் போயிருந்தால் பெரிய பதவிக்கு வந்திருப்பார் என்று லாசர் நினைத்தான்.

“ஆரு சொன்னது? சின்னானா?”

“உங்க வாய்தான். மூடி மூடியே எல்லாத்தையும் சொல்லிடுச்சு.”

அவர் கட்டிலில் சரிந்து உட்கார்ந்தார். “ஈறு ரத்தம் உட்டுதுங்க. டாக்டரு தெனமும் நூலு உட்டுச் சுத்தம் பண்ணச் சொன்னாரு. அது தெனமும் பண்ணோணும். கயிறுன்னா ஒரே கட்டுத்தான். அதுல ஒரு இழையப் பிரிச்சு, முடிச்சுப் போட்டு... பைப்பு நின்னத என்ற கண்ணால பாத்தனுங்களே!”

“ஜல்லியையும் பார்த்திருப்பீங்க.”

“பாத்தேன்” என்றார் சோகமாக. “ஆனா ஜல்லிய வாய்க்குள்ள எப்படிங்க கொட்டறது?”

லாசர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவன் முதுகு குலுங்கியது.

“நீங்க ரிக் ஓட்டறவரு. பைப்பைச் சுத்தி மேலேருந்து அழுக்குத் தண்ணி இறங்கிக்கிட்டே இருந்தா என்ன ஆகும்?”

“மண்ணு கரையும். பைப்பு ஆடும்.”

“அந்த இழை ஈறுக்குள்ள இறங்கிடுச்சு. சாப்பிடறது, குடிக்கிறது எல்லாம் அதுல ஊறி உள்ளே போகுது. ஈறு அழுகிச்சு, அப்புறம் எலும்பு கரையுது. இப்பவே எடுத்தாத்தான் மிச்ச எலும்பாவது நிக்கும். போன எலும்பு வராது.”

“அது எப்பவோ அவுந்து போயிருக்கும்னு நெனச்சனுங்க.”

“அப்புறம் ஏன் டாக்டர்கிட்ட வாயைத் தொறக்கலை?”

சென்னியப்பன் கன்னத்தைத் தடவிக்கொண்டார். “அவுந்து போயிருக்காட்டி?” என்றார்.

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். சென்னியப்பன் குரலைத் தாழ்த்தினார். “அம்மணி, வெளிய நிக்கிற ஒவ்வொருத்தன் கையிலயும் கயித்தப் பாத்து நான் கேலி பேசியிருக்கறேன். இது தெரிஞ்சா நான் செத்த அன்னைக்குக்கூடச் சிரிச்சுக்கிட்டேதான் தூக்குவானுங்க. எலி மேல சொல்லிப்போடுங்க. பல்லி உளுந்த பாலுன்னு சொல்லுங்க. உங்களுக்கு ஏதாச்சும் தோணாதுங்களா?”

“தோணும். எலியைச் சொன்னா எலி மருந்து யார் கையில இருந்துச்சுன்னு உங்க அக்கா கேப்பாங்க. பல்லியைச் சொன்னா பால் யார் காய்ச்சினதுன்னு கேப்பாங்க. இந்த வீட்டுல எந்தப் பொய்யைச் சொன்னாலும் அது நேரா அந்தப் பொண்ணுகிட்டப் போய்த்தான் நிக்குது.”

சென்னியப்பன் தலைகுனிந்தார். “அவளக் கூப்புடுங்க. இங்கயே, கமுக்கமா எடுத்துப் போடட்டும்.”

கமலவேணி தாழ்ப்பாளை விலக்கினாள். அந்தக் கமுக்கம் அவ்வளவு நேரம்தான் உயிரோடிருந்தது. நிலைப்படியிலேயே பொன்னாத்தாள் குறுக்கே நின்றாள்.

“என்ற தம்பி வாயில இவ கைய வெக்கிறதா? கதவச் சாத்திக்கிட்டா? முடியாது! வாசல்ல வெச்சுச் செய்யட்டும். நாலு பேர் பாக்கோணும்.”

“அதுஞ் செரிதானுங்க” என்றார் பங்காளிகளில் மூத்தவரான செங்கோட்டையன். அவர் மணிக்கட்டில் சிவப்பு, கறுப்பு, மஞ்சள் என்று கயிறுகள் அடுக்கியிருந்தன. “வெஷமா என்னன்னு நாங்களும் பாத்துப்போடறோம்.”

*

வாசலில் நாற்காலி போட்டார்கள். பங்காளிகள் சுற்றி நின்றார்கள். லாசர் டார்ச் அடித்தான். இன்னாசிமேரி கொதிநீரில் போட்டு எடுத்த இடுக்கியோடு குனிந்தாள்.

“மாமா, தொறங்க.”

சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். முன்வரிசைப் பங்காளிகள் நாற்றம் தாங்காமல் பின்வரிசைக்குப் போனார்கள். இரும்புப் பல்லின் கழுத்தில் ஈறு மலர்ந்து தொங்கியது. அவள் அதை மெல்ல ஒதுக்கினாள். உள்ளே ஏதோ ஒரு நுனி தெரிந்தது. இடுக்கியால் பற்றி, நிறுத்தி, மறுபடியும் இழுத்தாள். சீழும் ரத்தமுமாக அது வெளியே வந்தது.

இன்னாசிமேரி டார்ச் வெளிச்சத்தில் அதை ஒரு கணம் பார்த்தாள். பழுப்பேறிப் போயிருந்தாலும் மஞ்சள் மஞ்சள்தான். முடிச்சும் அப்படியே இருந்தது. மாமனாரின் முகத்தைப் பார்த்தாள். அவர் கண்ணைத் திறந்து அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ரிக்கையே தூக்கி நிறுத்தின ஆள், கெஞ்சுகிற கண்.

அவள் கையை மூடிக்கொண்டாள்.

“என்னது அது?” என்றார் செங்கோட்டையன்.

“முள்ளுங்க” என்றாள். “மீன் முள்ளு. குத்தி உள்ளேயே நின்னிருக்கு. விஷமெல்லாம் இல்லைங்க.”

பங்காளிகள் பெருமூச்சு விட்டார்கள். சென்னியப்பன் தோள் இறங்கியது. லாசர்கூட மூச்சு விட்டான். அந்தச் சின்னப் பெண் ஒரு பொய்யில் எல்லோரையும் காப்பாற்றிவிட்டாள் என்று நினைத்தான்.

“மீனா?” என்றாள் பொன்னாத்தாள்.

கமலவேணி கண்ணை மூடிக்கொண்டாள்.

“புரட்டாசி மாசம் என்ற ஊட்ல மீனா? நான் ஆக்கல. அப்ப ஆரு ஆக்குனது? ஆருக்குந் தெரியாம மீனாக்கிப் போட்டு, முள்ளையும் போட்டு... அய்யோ, அவ வாயாலயே சொல்லிப்போட்டாளே!”

அத்தனை தலையும் இன்னாசிமேரியின் பக்கம் திரும்பியது. அவளுக்குப் பின்னால் சுவர், முன்னால் பங்காளிகள், அதற்கும் அப்பால் பூட்டிய கேட். மூடிய கையை மார்போடு வைத்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறக்கவில்லை.

லாசர் ஓரடி முன்னால் வைத்தான். கமலவேணி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது சென்னியப்பனை மட்டும்தான்.

சென்னியப்பன் பக்கத்தில் இருந்த டம்ளரை எடுத்தார். மருமகள் கலந்து வைத்த உப்புத் தண்ணீர். ஊர் பார்க்க வாயில் ஊற்றிக் கொப்பளித்து, சிவப்பாகத் துப்பினார். மறுபடியும் ஊற்றிக் கொப்பளித்தார். எழுந்துபோய் இன்னாசிமேரியின் கையை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

“முள்ளு இல்ல” என்றார். பல்லைக் கடிக்காமல், முழு வாயையும் திறந்து. “கயிறு. என்ற ரிக்குல சின்னான் கட்டுன கயிறு. நாந்தான் பிச்சு, நாந்தான் பல்லுக்குக் கட்டிக்கிட்டேன். வெஷம் வெச்சது நானு. இந்தப் புள்ள அதையும் மறைச்சு என்ற மானத்தக் காப்பாத்தப் பாத்துச்சு.”

பின்வரிசைக்குப் போன பங்காளிகள் மறுபடியும் முன்னால் வந்தார்கள்.

செங்கோட்டையன் குனிந்து அந்த இழையைப் பார்த்தார். தன் மணிக்கட்டையும் பார்த்துக்கொண்டார். “ஏனுங்க சென்னியப்பா,” என்றார், மிகவும் மரியாதையாக, “இரும்புக்குத் தாலியா கட்டுனீங்க?”

யாரோ முதலில் சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும். நாய் குரைத்தது. ரிக்கின் அடியிலிருந்து வந்து எட்டிப் பார்த்த சின்னான் மறுபடியும் அடியிலேயே போய்விட்டார். பொன்னாத்தாள் மட்டும் சிரிக்கவில்லை. “கட்டறதுதான் கட்டுன, கையில கட்டுனா ஆவாதா? வாயிலயா கட்டுவாங்க?” என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு யாரையும் பார்க்காமல் மருமகளின் கையிலிருந்து இடுக்கியை வாங்கி, கழுவ எடுத்துக்கொண்டு போனாள். மன்னிப்புக் கேட்பதற்கு அந்த வீட்டில் அதைவிடப் பெரிய சடங்கு கிடையாது.

சென்னியப்பன் சிரிப்பு ஓயும்வரை நின்றுகொண்டே இருந்தார். ஓய நேரமானது. கன்னம் வீங்கியிருந்ததால் அவரும் சிரிக்கிறாரா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

“நாளைக்கு விடிஞ்சதும் டாக்டர் தோமினிக்கைப் பாருங்க. ஈறைத் திறந்து சுத்தம் பண்ணட்டும். பல் நிக்குமான்னு இப்பவே சொல்ல முடியாது” என்றாள் கமலவேணி.

“இந்தப் புள்ள கூட்டிக்கிட்டுப் போவட்டுங்க.” மடியிலிருந்து சாவிக்கொத்தை உருவி மருமகளிடம் நீட்டினார். “தொறந்து உடு சாமி. அவங்க போவட்டும்.”

இன்னாசிமேரி கேட்டைத் திறந்தாள். ஸ்கூட்டர் சாவியைக் கழற்றி லாசரிடம் கொடுத்தாள்.

“அனுபவத்துல சொல்றேன், உங்க உப்புத் தண்ணி நல்லா இருந்துச்சு” என்றான் லாசர். அவள் அன்று முதல் தடவையாகச் சிரித்தாள்.

ஸ்கூட்டர் நாமக்கல் ரோட்டில் ஏறும்போது கமலவேணி திரும்பிப் பார்த்தாள். கேட் அகலத் திறந்தே கிடந்தது. தேங்காய்ப் பூட்டு வாய் பிளந்தபடி ஒரு கம்பியில் தொங்கியது. இன்னாசிமேரி சாவிக்கொத்தைத் தன் இடுப்பில் செருகி, அதன்மேல் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு, வீட்டுக்குள்ளே போய்க்கொண்டிருந்தாள்.